தலைகீழாய் வந்த நிலா

கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில், மோட்டார் சைக்கிளில் அமர்ந்தபடி, குகன் தன் பாட்டைத் தானே கடைசியிலிருந்து பாடிக்கொண்டு போவான். தலைக்கவசத்துக்குள் ‘நிலா’ என்பது ‘ஆலின்’ ஆகிவிடும். பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்ப்பார். “பாஸ், பாட்டா, பல்லுவலியா?”

“ரெண்டும்தான் அண்ணே!”

கிள்ளானில் வீட்டு ஏசியை, ஊர்ப்பேச்சில் ஏர்கோனை, கழுவுவது அவன் பிழைப்பு. ‘ஊதா லோரி’ அவன் பிறவிப் பயன். நாலு பேர் கொண்ட இசைக்குழு. எந்தப் பாட்டுக் கம்பெனியின் தயவும் இல்லை. ஒரு தடவை கேட்டால் வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு, அதைச் சுற்றிக் காவடிபோல் சுழலும் கித்தார். விவரம் தெரிந்தவர்கள் இதை சைக்கடெலிக் பவர் பாப் என்பார்கள். குகனின் அம்மா மிக்சி என்பார்.

பிரிக்பீல்ட்ஸ் இணைய இதழொன்றில் இசை விமர்சனம் எழுதும் சுதர்சினி, முதல் மூன்று பாட்டையும் ஒரே மூச்சில் அடக்கம் செய்தார்: “மெட்டு உண்டு. மயக்கமும் உண்டு. மருந்துதான் இல்லை.” அன்று குகன் கழுவிய ஏர்கோன்களில் இரண்டு இன்னும் ஓடவில்லையாம்.

நாலாவது பாட்டுதான் ‘நிலா’. நிலாவில் தொடங்கி நிலாவில் முடியும். உருகி உருகி எழுதியது. ஒலிப்பதிவில் கித்தாரை மட்டும் பின்னோக்கி ஓடவிட வேண்டியவன், அவசரத்தில் முழுப் பாட்டையும் திருப்பிப்போட்டு, கேட்டுக்கூடப் பார்க்காமல் இணையத்தில் ஏற்றிவிட்டான். சுதர்சினி ஆடிப்போனார். “தமிழுக்கு முந்திய தமிழ்! இந்த ஆண்டின் துணிச்சல்!” காப்பாரிலிருந்து செமினி வரை பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். ஊரே அவன் பாட்டைப் பாடியது. அவன் எழுதிய ஒரு வரியும் யார் காதிலும் விழவில்லை.

“உண்மைய சொல்லிரலாமா?” என்று கேட்டான்.

“பைத்தியமா லா உனக்கு?” என்றாள் டிரம்ஸ் வாசிக்கும் உஷாராணி. “பேர் வந்திருக்கு. தலைகீழா வந்தா என்ன, உள்ள வந்து உக்காருன்னு சொல்லு. நீ ரிவர்ஸ்ல பாடக் கத்துக்க.”

நெடுஞ்சாலைப் பயிற்சி அப்படி வந்ததுதான்.

ஞாயிறு மாலை ‘ஊதா லோரி’யின் கச்சேரி. பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் நிற்க இடமில்லை. முன்வரிசையில் சுதர்சினி. மேடையேறியதும் குகன் குனிந்து சொன்னான்: “உஷா, நான் நேராவே பாடப் போறேன். ஒரு தடவையாச்சும் கேக்கட்டும்.”

“மாட்டுனோம்டா சாமி!” என்றவள் குச்சியை மட்டும் கீழே வைக்கவில்லை.

அவன் ‘நிலா’ என்று தொடங்கினான். மண்டபம் ‘ஆலின்’ என்று தொடங்கியது. ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயில் எதிரும் புதிருமாய்க் கிளம்பிவிட்டன. குகன் சுதர்சினியைப் பார்த்தான். கண்மூடி லயித்திருந்த அவர் வாயும் ஆலின் என்றுதான் அசைந்தது. ஆனாலும் குகன் விடவில்லை. வரி வரியாய் அவன் முன்னேற, வரி வரியாய் ஊர் எதிரே வந்தது.

பாட்டின் நட்டநடுவில் நீண்ட ‘ஆ’ ஒன்று உண்டு. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அது ஆதான். இரண்டு ரயிலும் ஒரே கணத்தில் அங்கே வந்து சேர்ந்தன. மண்டபத்துச் சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அடுத்த அடி விழுந்தால் மறுபடி ஆளுக்கொரு திசை; உஷாராணி குச்சியை ஓங்கினாள்.

குகன், மூச்சை விடாமல், அவள் பக்கம் திரும்பி உள்ளங்கையை விரித்துக் காட்டினான்: இரு.