படுத்துக் கிடக்கிற வேடம்

நான் நாடகத்தில் நடித்தது வாழ்நாளில் ஒரே ஒரு முறை. அதுவும் படுத்துக் கிடக்கிற வேடம். நாலு பேர் எதிரில் பேசச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்போது ஏழு வயது, கேட்கவே வேண்டாம். ஆனால் நாடகம் எழுதியவர் என் தாய்மாமா. வீட்டில் வேறு பிள்ளையும் இல்லை.

மாமாவுக்கு ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் வேலை. அந்த வருடம் அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கத்தில் ஒரு கொலை நடந்திருந்தது. கிணற்றுத் தண்ணீர்ச் சண்டையில், தூங்கிக்கொண்டிருந்த அண்ணனைத் தம்பி வெட்டிவிட்டு ஓடிப்போனான். அண்ணி தாய்வீட்டுக்குப் போயிருந்த நாள். பக்கத்தில் படுத்திருந்த சின்னப் பையனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. போலீஸ் தேடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கதையைப் பாட்டுப் புத்தகமாகப் போட்டுச் சந்தையில் விற்றார்கள். மாமா அதை வாங்கி வந்து, கம்பெனி ஆட்களை வைத்து நாடகமாக்கினார். சாமி கதைக்குக் கூட்டம் கம்மி, கொலைக்கு ஜாஸ்தி என்பார்.

கொலைகாரன் வேடத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. செத்தவன் பேரைச் சொல்லி அரிவாள் ஓங்கினால், அந்தப் பாவம் நடிக்கிறவன் பிள்ளைகளைப் பிடிக்கும் என்று வீட்டுப் பெண்கள் தடுத்துவிட்டார்கள். கடைசியில் எல்லோரும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்த புது ஆளைப் பார்த்தார்கள். வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. தோலில் மயிர் கழல ஊறவைக்கிற அந்தத் தொட்டிக்கு யாரும் விரும்பிப் போவதில்லை. அதனால் அங்கே வேலைக்கு வருகிறவனை எந்த ஊர் என்று யாரும் கேட்பதும் இல்லை.

"எனக்கு வேணாம்ணா," என்றார் அவர்.

"உனக்குப் பொண்டாட்டியும் இல்ல, புள்ளையும் இல்ல. பாவம் யாரைப்பா புடிக்கப் போவுது?" என்று மாமா சிரித்தார். "மூஞ்சியில கரி பூசி, இம்மாம் பெரிய மீசை வச்சிடறேன். உன்னைப் பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது."

அதைக் கேட்டதும் அவர் சரி என்றார்.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு விடுமுறை. தோல் உலர்த்தும் கொட்டகையில் பகலில் ஒத்திகை. மேலே வரிசையாகத் தொங்கிய ஆட்டுத்தோல்கள், காற்றே இல்லாதபோதும் யாரோ தொட்டதுபோல மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கும். நான் அவற்றைப் பார்க்காமல் கண்ணை மூடிப் படுத்திருப்பேன். எனக்கு ஒரே ஒரு சொல்தான் வசனம். வெட்டு விழுந்ததும் எழுந்து "அப்பா" என்று அலற வேண்டும். பாட்டுப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அந்த அலறலைக் கேட்டு ஊர்க்காவல்காரர்கள் ஓடிவந்து கொலைகாரனைத் துரத்துவார்கள்.

அவர் அரிவாளோடு வந்தார். உடனே ஓங்கவில்லை. என் பக்கத்தில் குந்தி, போர்வையை முகம் மறைய இழுத்துவிட்டார். பிறகு என் காதின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். சுண்ணாம்பு தின்ற கை. சொரசொரவென்று, ஜில்லென்று இருந்தது.

"இன்னாப்பா இது? பாட்டுல இல்லியே!" என்றார் மாமா.

"புள்ள பார்க்கக் கூடாது இல்லண்ணா."

மாமா அசந்துபோனார். "ஜனம் அழுதுடும்யா! இப்படியே வச்சுக்கோ."

செத்தவர் வீட்டில் உத்தரவு வாங்காமல் அவர் கதையை ஆடக் கூடாது என்று மாமாவுக்கு ஒரு பயம் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் வெற்றிலை பாக்கோடு போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார். நாடகத்தன்று விளக்கு வைக்கும் நேரத்தில் செத்தவர் மனைவி தன் மகனோடு வந்தார். மாமா அவர்களை முதல் வரிசையில் உட்கார வைத்தார். அந்தப் பையனுக்கும் என் வயதுதான். மேடைக்குப் பின்னால் மீசை ஒட்டிக்கொண்டிருந்தவருக்கு இது தெரியாது.

மேடையிலும் ஒத்திகைபோலவே அவர் கை என் காதை மூடியது. கூட்டம் கப்பென்று அடங்கியது. அப்போது முன்னாலிருந்து ஒரு பிள்ளையின் குரல் கேட்டது.

"சித்தப்பா!"

சிலர் சிரித்தார்கள். என் காதின்மேல் இருந்த கை விலகியது. போர்வைக்கு மேல் மூச்சு பட்டது.

"கண்ணைத் தொறக்காதடா ராசா."

ஒத்திகையில் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. அரிவாள் பலகையில் விழுந்தது. அவர் ஓடினார். நாடகப்படி ஓடத்தான் வேண்டும், அதனால் கூட்டம் கைதட்டியது. "அவன்தான்! புடிங்க!" என்று அந்த அம்மா கத்தியதையும் நாடகம் என்றே நினைத்தார்கள். காவல்காரர் வேடம் போட்டவர்கள் என் அலறலுக்காகக் காத்து நின்றார்கள். "கத்துடா, கத்துடா" என்று மாமா ஓரத்திலிருந்து சொன்னது எனக்கும் கேட்டது. நான் கண்ணைத் திறக்கவில்லை. மாமா போர்வையைப் பிடுங்கி முதுகில் இரண்டு வைத்த பிறகுதான் திறந்தேன். அதற்குள் அவர் பாலாற்றைத் தாண்டியிருப்பார். அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை போலீஸ்காரர் எங்கள் வீட்டில் மாமாவை விசாரித்துக்கொண்டிருந்தார். வாசலில் நானும் அந்தப் பையனும் நின்றிருந்தோம்.

"கண்ணைத் தொறக்காதன்னு சொன்னாரா?" என்று அவன் கேட்டான்.

அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தலையாட்டினேன்.

"நீ எப்ப தொறந்தே?"

"மாமா அடிச்சப்ப."

"நான் விடிஞ்சப்புறந்தான் தொறந்தேன்," என்றான்.

அவனைவிட நான் சீக்கிரம் திறந்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அவனிடம் சொல்லவும் செய்தேன். விடியும் வரை அவன் யார் பக்கத்தில் படுத்திருந்தான் என்பது எனக்கு உறைக்க இன்னும் பல வருடங்கள் ஆயின.