கிழவியை யார் தூக்கியது?

மரஸ்கேல் விரல் முட்டியில் விழும்போது முதலில் சத்தம்தான் கேட்கும், வலி கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேரும். அதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும். ராஜபாளையத்தில் நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று சொன்ன ஒவ்வொரு முறையும் எங்கள் தமிழாசிரியர் அப்படித்தான் அடித்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கவிருந்த பள்ளிப் போட்டியில் நாக்குப் பிறழாமல் சொல்லும் போட்டியும் உண்டு என்று தெரிந்த நாளிலிருந்து, தாமே கட்டிய இரண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டு வகுப்பையே அவர் வதைத்துக்கொண்டிருந்தார்.

‘கிழக்குத் தெருக் கிழவி வழுக்கி விழுந்த குழியில் வாழைப்பழம் அழுகி வழிந்தது’ என்பது ஒன்று. ‘கொல்லன் கொல்லையில் கொள்ளு அள்ளிய கள்ளனைக் கொல்லன் கல்லால் கொன்றான்’ என்பது மற்றொன்று.

எங்களுக்கு அவை வெறும் சத்தம். என் பக்கத்தில் உட்காரும் செல்விக்கு அப்படியில்லை. நூல்மில்லில் ஷிப்ட் பார்க்கும் அம்மா வீடு திரும்பும்வரை தனியாக இருந்து, எதையாவது யோசித்துக்கொண்டே வளர்ந்தவள் அவள். பள்ளி விட்டு நடக்கும் வழியெல்லாம் அந்த இரண்டு வாக்கியங்களையும் போலீஸ்காரி மாதிரி விசாரித்தாள். பழம் அழுகி வழிய நாலு நாளாவது ஆகும், அப்படியானால் கிழவி விழுந்து நாலு நாளாக யாருமே எட்டிப் பார்க்கவில்லையா, கிழக்குத் தெருவில் வேறு ஆளே கிடையாதா என்பாள். கையில் சம்மட்டி வைத்திருக்கும் கொல்லன் கல்லை ஏன் தேடினான் என்பாள். மாட்டுக்குப் போடும் கொள்ளைத் திருட வந்தவனுக்கு எம்புட்டுப் பசி இருந்திருக்கும், அதற்காக ஆளையே கொல்வதா என்பாள். நான் என் பங்குக்கு, அந்தக் கள்ளன் கொல்லனின் சொந்தத் தம்பிதான், இது பங்காளிச் சண்டை என்று தீர்ப்புச் சொன்னேன். வயிறு வலிக்கச் சிரித்தோம். ‘சார்ட்டயே கேளேன்’ என்று அவளைத் தூண்டிவிட்டதும் நான்தான்.

மறுநாள் வகுப்பில் அவள் எழுந்து நின்றாள்.

“சார், அந்தக் கிழவிய யாரு தூக்குனா?”

வகுப்பு சிரித்தது. தாம் கட்டிய வாக்கியத்தைக் கேலி செய்கிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, கையால் அறைந்தார். இரண்டாவது அறையில் அவள் தலை ஜன்னல் கம்பியில் மோதியது. இடது காதிலிருந்து ரத்தம் நூலாக இறங்கி வெள்ளைச் சட்டையின் காலரில் ஊறியது. அவள் அழவில்லை, யாரோ கூப்பிட்டதுபோலத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அடுத்த நாள் காலை, தலைமுடியெல்லாம் பஞ்சுத்தூசியோடு மில்லிலிருந்து நேராக அவள் அம்மா வந்தார். வாசலில் வைத்தே ஆசிரியரின் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பட்டன்கள் தெறித்தன. செருப்பால் இரண்டு அடி விழுந்த பிறகுதான் மற்ற ஆசிரியர்கள் ஓடிவந்து அந்த அம்மாவின் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்தார்கள். கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டைக் கிழித்திருந்தது. அம்மாவையும், பள்ளிக்கு வந்திருந்த மகளையும் வராந்தாவில் நிறுத்திவிட்டு, தலைமையாசிரியர் என்னை அறைக்குள் கூப்பிட்டு நடந்ததைக் கேட்டார். கிழிந்த சட்டையோடு பீரோ ஓரத்தில் நின்றார் தமிழாசிரியர். இடது கையால் வலது உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கையையே பார்த்தேன்.

“வழுக்கி விழுந்துட்டா சார். கம்பியில இடிச்சிருச்சு.”

என் பின்னால் வந்த பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். ஆசிரியரை அடித்ததற்குப் போலீசில் சொல்லுவோம் என்று தலைமையாசிரியர் மிரட்ட, அந்த அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். என்னைக் கடக்கும்போது, “நீ நல்லாரு தாயி” என்று மட்டும் சொன்னார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மேடையில் இரண்டு வாக்கியங்களையும் ஐந்து முறை பிறழாமல் சொன்னேன். ‘கல்லால் கொன்றான்’ என்று முடிக்கும்போதெல்லாம் கூட்டம் சிரித்துக் கைதட்டியது. பரிசாக வந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸோடு இறங்கியபோது, ஆசிரியர் என் தலையைத் தடவினார். அந்தக் கை காதருகே வந்ததும் என் கழுத்து தானாக உள்ளே இழுத்துக்கொண்டது.

செல்வியின் இடது காது அதன்பிறகு கேட்கவேயில்லை. எட்டாம் வகுப்போடு நின்று, அம்மா வேலை பார்த்த மில்லுக்கே போனாள்.

இப்போது அந்தப் பள்ளியில் யாரும் ஸ்கேலை ஓங்குவதில்லை. நாக்குப் பிறழும் வாக்கியங்களைப் பிள்ளைகள் தப்பும் தவறுமாகச் சொல்லிச் செல்போனில் பதிந்து, கேட்டுச் சிரிக்கிறார்கள். போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் செல்வியைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன், அவள் திரும்பவில்லை. பிறகுதான் புரிந்து, எழுந்து வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். ஊர்ப்பேச்சு, பிள்ளைகள் பேச்சு எல்லாம் முடிந்த பின், அன்று தலைமையாசிரியரிடம் நான் சொன்ன பொய்யைச் சொன்னேன்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி. வராந்தாவுலதான நின்னேன். இன்னொரு காது நல்லாத்தான இருந்துச்சு.”

ராஜபாளையம் பஸ் வந்தது. போறேன் என்று பையை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டாள். வழியெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டு என்னோடு நடந்த அந்தப் பெண்ணை இவளிடம் தேடிப் பார்த்தேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்றுகூட இவள் என்னைக் கேட்கவில்லை.