சலரோகம் என்று சொல்லப்பட்ட நோய்

முதலில் தட்டுப்பட்டது பயறளவு கட்டி. வலது மார்பில், அக்குள் பக்கமாக. குளிக்கும்போது கை பட்டது. வலிக்கவில்லை. வலிக்காதது நல்லதென்று நினைத்தேன். இதை வாசிக்கும் உங்களுக்கும் அப்படி ஒன்று இருந்தால், வலிக்கவில்லையே என்று ஆறுதல்படாதீர்கள். போய்க் காட்டுங்கள்.

நான் எதற்கும் பயப்படுகிற ஆள். ஆனால் பயந்தது வேறு நோய்க்கு. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அம்மா செத்தார், பிறகு சின்னம்மா. இருவருக்கும் சலரோகம் (நீரிழிவு) என்றுதான் எனக்குச் சொன்னார்கள். அதனால் கலியாணம் முடித்த நாளிலிருந்து சீனியில்லாத தேத்தண்ணி, இரவில் குரக்கன் (கேழ்வரகு) புட்டு. மாதம் தவறாமல் இரத்தத்தில் சீனி பார்ப்பேன். ஒருமுறையும் கூடியதில்லை.

பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவள். நகரில் ஒரு தனியார் எக்ஸ்றே நிலையத்தில் உதவியாளராக நின்றேன். அழுகிற பிள்ளைகளை அசையாமல் பிடித்திருப்பது என் வேலை. கதிர் படாமலிருக்க ஈயம் வைத்த மேலங்கி ஆணியில் தொங்கும். அதைப் போட்டால் குனிய முடியாது; பிள்ளைகளும் கண்டு கூடுதலாகக் கத்துவார்கள். போடுவதில்லை. "மூச்சைப் பிடி ராசா... சரி, இனி விடு" என்பேன். எனக்கு ஏலாமல் போனதும் மகள் தர்சினி அந்த வேலைக்குப் போனாள்.

பயொப்சி (கட்டியில் சிறு துண்டெடுத்துச் சோதிப்பது) முடிவு சொன்ன அன்று, சாவகச்சேரியிலிருந்து அண்ணை துணைக்கு வந்திருந்தார். புற்றுநோய் என்றார் டொக்டர். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவருடைய பேனை மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குடும்பத்திலை வேறை ஆருக்கும் இருந்ததோ?"

"இல்லை டொக்டர். எல்லாருக்கும் சலரோகம்," என்று அண்ணை முந்திக்கொண்டார்.

"எல்லாருக்குமோ?"

அண்ணை எழும்பிப் போனார், நான் பின்னால் போனேன். வெளியே விறாந்தை வாங்கில் உட்கார்ந்த பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அம்மாவுக்கும் உதுதான். சின்னம்மாவுக்கும் உதுதான். பிறகு உன்ரை கலியாணப் பேச்சுக்கால் குழம்பும் எண்டு அப்பா சலரோகம் எண்டு சொல்லச் சொன்னவர்."

"நான் இவ்வளவு காலமும் சீனி போடாமல் குடிச்சனான் அண்ணை."

"ஓம். தெரியும்."

எழும்பி உள்ளே போனேன். டொக்டரிடம் எல்லாம் சொன்னேன், எக்ஸ்றே வேலையையும்.

"எக்ஸ்றேயாலைதான் வந்தது எண்டு ஒருத்தராலும் சொல்ல ஏலாது. அது கொஞ்சக் கதிர்தான். ஆனால் சிலருக்குப் பிறக்கேக்கையே மரபணுவிலை ஒரு பழுது இருக்கும். கதிர் கெடுத்ததைத் திருத்துற சக்தி அவைக்குக் குறைவு. மற்றவைக்கு ஒண்டும் செய்யாத அளவு, அவைக்குச் செய்யக்கூடும்."

மரபணு (தாய் தகப்பனிடமிருந்து உடம்புக்கு வரும் குறிப்பு) பார்க்க என் இரத்தம் கொழும்புக்குப் போனது. இதற்கிடையில் மார்பை எடுத்தார்கள். கீமோ (புற்றுக்கலங்களைக் கொல்லும் மருந்து) ஏற்றினார்கள். தலைமயிர் கொட்டியது. எல்லாம் யாருக்கோ நடப்பதுபோலக் கிடந்தேன். முடிவு வந்தது. பழுது இருந்தது. மகளுக்கும் இருக்கலாம், பாதிக்குப் பாதி.

அண்ணை அரியாலைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தார். தர்சினிக்கு அவர்தான் சுவிசில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்.

"இப்ப இரத்தம் கித்தம் ஒண்டும் குடுக்க வேண்டாம். கலியாணம் முடியட்டும்."

தர்சினி குசினியிலிருந்து வந்தாள். "ஏன் மாமா, எனக்கும் சலரோகம் எண்டு சொல்லிவிடுங்கோவன். அம்மா மிச்சம் வைச்ச குரக்கன் மா கிடக்கு."

அண்ணைக்குச் சிரிப்பு வந்தது. பிறகு முகத்தைத் துடைத்தார். "நான் மாப்பிள்ளை வீட்டுக்கு என்னத்தைச் சொல்லுறது, பிள்ளை?"

"உள்ளதைச் சொல்லுங்கோ. வேண்டாமெண்டால் விடட்டும்."

சொன்னார். யோசித்துச் சொல்கிறோம் என்றவர்கள் இன்னும் யோசிக்கிறார்கள். எக்ஸ்றே அறையில் பிள்ளைகளைப் பிடிப்பதைத் தர்சினி விட்டுவிட்டாள். இப்போது தாய்மாரே மேலங்கி போட்டுப் பிடிக்கிறார்கள். பிள்ளைகள் கத்தத்தான் செய்கிறார்கள்.

அவள் இரத்தம் கொடுத்தபோது கையை நான்தான் பிடித்திருந்தேன். "மூச்சைப் பிடி" என்றேன், பழக்கத்தில்.

"ஊசிக்கு ஆரும் மூச்சுப் பிடிக்கிறதே, அம்மா?"

கொழும்பிலிருந்து முடிவு இன்னும் வரவில்லை. வலது பக்கம் கை வைத்தால் வேறொருவரின் தோலைத் தொடுவதுபோல இருக்கிறது. சூடு குளிர் தெரியாது. காலையில் தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி சீனி போடுகிறேன். இனிக்கிறது. அதன் பிறகு காலையா மாலையா என்பது பெரிதாகப் படுவதில்லை. பிடி என்று சொல்லியாயிற்று. விடு என்று சொல்ல வேண்டியவர் கொழும்பில் இருக்கிறார்.