வெள்ளிக்கிழமை முதல் வாளி

"உனக்கு எதுக்குடி அது? அப்ளிகேஷன் எழுத உக்காந்தவ அதை எழுதுவியா, கிழவி வாயைக் கிளறிக்கினு இருப்பியா?"

பேத்தியை இப்படித்தான் அதட்டினேன். அவள் படிக்கிற இடத்தில், ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளுக்கு யூனிவர்சிட்டி பணம் கொடுக்கிறதாம். அதற்கான படிவத்தை நிரப்பிக்கொண்டே, "உங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா ஆயா?" என்று கேட்டுவிட்டாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் கெட்டிக்காரி, சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாள். யூனிவர்சிட்டிப் பணத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியைக் குட்டிச்சுவராக்கப் பார்த்தவள் நான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கிழக்குத் தாம்பரத்தில், ஏரிக்குப் போகிற வழியில் எங்கள் தெரு. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் ஃபிட்டர். தெருவில் ஒன்பது வீடு, வீட்டுக்கொரு கிணறு, கிணற்றுக்கொரு குணம். கோடி வீட்டு டீச்சரம்மா கிணற்றில் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். நடு வீடுகளில் சுமார். தெரு முனையில் இருந்த எங்கள் கிணறு இருக்கிறதே, அந்தத் தண்ணீரில் பருப்பை வேகப் போட்டால் காலையில் போட்டது மத்தியானம் வரை முழித்துக்கொண்டு நம்மையே பார்க்கும். குடிக்கவும் சமைக்கவும் குடத்தைத் தூக்கிக்கொண்டு டீச்சரம்மா வீட்டுக்குத்தான் போவேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். இருபது இருபத்தொரு வயது. தோளில் துணிப்பை, பையில் பாட்டில்கள் கிணுகிணு என்றன. பக்கத்துக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. படிக்கிறாளாம். ஊர் திருச்சிப் பக்கம், தங்குவது ஹாஸ்டலில்.

"இந்தத் தெருக் கிணறுகளோட தண்ணிய ஒரு வருஷம் பார்க்கப் போறேம்மா. உப்பு எவ்வளவு, மழைக்கு முன்னாடி எப்படி, பின்னாடி எப்படின்னு. யூனிவர்சிட்டி பணம் தர்றாங்க. பாதி குடுத்தாச்சு. தை மாசம் ரிப்போர்ட் குடுத்தா மீதிப் பாதி."

"கிணத்துத் தண்ணிய பாக்கறதுக்குப் பணமா? நான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்கறேன், ஒருத்தனும் ஒண்ணும் தரலியே!"

"நீங்க அப்ளை பண்ணலையேம்மா" என்றாள்.

வாய் என்னைப் போலவே இருந்தது. உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன்.

"ரிப்போர்ட் சரியா வரலேன்னா இன்னா ஆவும்?" என்று கேட்டேன்.

"ஊருக்குத் திரும்பணும். ஹாஸ்டலுக்குக் கட்ட அப்பாகிட்ட இல்ல. இந்தப் பணத்துலதான் படிப்பு ஓடுது. அங்க போனா அத்தை மகன் தாலியோட நிக்கிறார்."

"ஆளு எப்படி?"

"ரொம்ப விடாமுயற்சி. ஏழு வருஷமா பி.யு.சி. எழுதுறார்."

ஏற்பாடு இதுதான். வாரம் ஒரு நாள், விடிந்ததும் கயிறு விட்டு இழுக்கிற முதல் வாளித் தண்ணீர் அவளுக்கு வேண்டும். ராத்திரி முழுக்க யாரும் கலக்காத தண்ணீராம் அது. முதல் நாளே ஒன்று முதல் ஒன்பது வரை நம்பர் ஒட்டிய பாட்டில்களை என்னிடம் கொடுத்துவிடுவாள். நான் வீடு வீடாகக் கொடுத்து, காலையில் ரொப்பி வாங்கி, கூடையில் அடுக்கி வைப்பேன். அவள் எட்டு மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு ஓடுவாள். புதன்கிழமை தோறும் இப்படி நடந்தது. ஐப்பசி வரை ஒரு குறையும் இல்லை. தெருப் பெண்களுக்கெல்லாம் அவளைப் பிடித்துப்போயிற்று.

தீபாவளி கழிந்து வந்தவள், "லேப்ல நாள் மாத்திட்டாங்கம்மா. இனிமே வெள்ளிக்கிழமை" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள். நானும் மண்டையை ஆட்டிவிட்டேன். வியாழக்கிழமை பாட்டிலை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் விஷயம் உறைத்தது.

பக்கத்து வீட்டு அக்கா பாட்டிலைக் கையால் தொடவில்லை. "இன்னா நீ, வெளாடறியா? வெள்ளிக்கெழம மொத வாளிய பாட்டில்ல அடைச்சி கேட்டுக்கு வெளிய அனுப்பறதா? லட்சுமிய ரயிலேத்தி வுட்றாப்ல கீது!"

அவள் சொன்னதில் தப்பில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் உப்பு, மஞ்சள், பால், ஊசி எதுவும் வீடு தாண்டாது. தாகம் என்று வந்தால் ஒரு சொம்பு கொடுப்போம், அது வேறு. முதல் வாளி என்பது வாசல் தெளிக்க, சாமி விளக்கைக் கழுவ. எதிர் வீடு, அடுத்த வீடு, எல்லோரும் இதே பல்லவி. எனக்கும் மனசு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லேன், வேற நாள் பாத்துக்கட்டும்" என்றாள் அக்கா.

"வேற நாள் லேப் கெடைக்காதுக்கா. பாவம், அந்த ஏழு வருஷத்துக்காரன்கிட்ட மாட்டிக்கும்."

யோசித்தேன். நான் யோசித்தாலே வில்லங்கம்தான். டீச்சரம்மா வீட்டுக்காரர்கள் வேதக்காரர்கள், அவர்களுக்கு ஞாயிறுதான் விசேஷம். விடிகாலையில் ஒன்பது பாட்டிலோடு அங்கே போய் நின்றேன்.

"எல்லா பாட்டிலும் இங்கியே ரொப்பிக்கட்டுமா டீச்சரம்மா?"

"தாராளமா. தண்ணிதானே! ஆமா, ஏன்?"

"உங்க தண்ணி ரொம்ப நல்லா கீதுன்னு சொல்லுது அந்தப் பொண்ணு" என்றேன். பொய் சொன்னால் இனிப்பாகச் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு துளி கெட்ட எண்ணம் கிடையாது. அந்தப் பெண் தண்ணீரைப் பரீட்சை செய்கிறாள், பரீட்சை என்றால் மார்க் உண்டு, நல்ல தண்ணீராகப் பார்த்துக் கொடுத்தால் அவளுக்கு நல்ல மார்க் வரும். இவ்வளவுதான் என் கணக்கு. இத்தனை நாள் என் வீட்டு உப்புத் தண்ணீரைக் கொடுத்து அவளுக்குக் கெடுதல் செய்துவிட்டோமே என்றுகூட வருத்தப்பட்டேன்.

அந்த வருஷம் மழை கொட்டியது, ஏரி நிரம்பியது. வெள்ளிக்கு வெள்ளி டீச்சரம்மா கிணறே ஒன்பது பாட்டிலிலும் ஏறி லேபுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பொங்கல் முடிந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பெண் மூச்சிரைக்க வந்தாள். முகமெல்லாம் பல். கையில் ஒரு கட்டுக் காகிதம்.

"அம்மா, என் புரொஃபசர் அசந்துபோயிட்டார்! மழைக்கு முன்னாடி ஒன்பது கிணறும் ஒன்பது விதம். ஏரி ரொம்பினதும் எல்லாம் ஒரே தண்ணி ஆயிடுச்சு, உப்பு ஒரு புள்ளி கூட வித்தியாசம் இல்ல! அடியில எல்லாத்தையும் ஒண்ணா சேர்க்குற ஊத்து ஏதோ இருக்கு. திங்கக்கிழமை யூனிவர்சிட்டிக்கு ரிப்போர்ட் போகுது."

ஊற்றாவது ஒன்றாவது. ஒன்பது கிணற்றையும் ஒன்றாகச் சேர்த்த அந்த அம்மாள் அவள் எதிரிலேயே வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்!

"மோர் குடிக்கிறியா கண்ணு?" என்றேன்.

"மோர் வேணாம்மா. உங்க கிணத்துத் தண்ணி ஒரு தம்ளர் குடுங்க. முன்னாடி வாயில வைக்க முடியாதுன்னு சொல்வீங்களே, இப்ப எப்படி இனிக்குதுன்னு பார்க்கணும்."

வாயைத் திறந்து சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. போய் ஒரு வாளி இழுத்து, தம்ளர் நிறைய மொண்டு கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். பாதியில் நின்றாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. எங்கள் தண்ணீருக்கு அந்தக் குணம் உண்டு.

"அம்மா... இது எந்தத் தண்ணி?"

"எங்க கிணத்துதுதான்."

"அப்போ வெள்ளிக்கிழமை குடுத்தது?"

சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். லட்சுமி, ரயில், டீச்சரம்மா, நல்ல மார்க், எல்லாம். அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். காகிதக் கட்டு மடியிலிருந்து சரிந்ததைக்கூட எடுக்கவில்லை.

"ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

"சரி, உங்க வூட்டுல வெள்ளிக்கெழம குடுப்பாங்களா?"

"எங்கம்மா உறைமோர்கூடத் தர மாட்டாங்க" என்றாள். சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்துக்கொண்டே அழுதாள். நான் முந்தானையைக் கொடுத்தேன்.

சும்மா இருந்திருக்கலாம் நான். "எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும் கண்ணு. யூனிவர்சிட்டிக்காரன் வந்து என் கிணத்துல மொண்டு குடிக்கவா போறான்?" என்றேன்.

"நான் குடிச்சுட்டேனேம்மா" என்றாள்.

காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டு அவள் நேராகப் புரொஃபசர் வீட்டுக்குப் போனாள். நான் தெருவுக்குப் போனேன். மறுநாள் ஞாயிறு, முதல் வாளிக்குத் தடையில்லை. வீடு வீடாகப் போய், "நாளைக்கு அவங்கவங்க வூட்டுத் தண்ணி, அவங்கவங்க பாட்டில். ஏமாத்துனா நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏமாற்றியது நான்தான் என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. டீச்சரம்மா மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுநாள் கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன்பே தன் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

புரொஃபசர் அவளை ஒரு மணி நேரம் நிற்க வைத்துத் திட்டினாராம். திட்டி முடித்ததும் அவரே ஞாயிற்றுக்கிழமை லேபைத் திறந்து உட்கார்ந்தாராம். ஒன்பது பாட்டிலும் மறுபடி ஒன்பது விதம். மழையால் கொஞ்சம் உப்புக் குறைந்திருந்தது, அவ்வளவுதான். அவள் ராவோடு ராவாக ரிப்போர்ட்டை மாற்றி எழுதினாள். வெள்ளிக்கிழமைத் தண்ணீர் எல்லாம் தள்ளுபடி, காரணம் இன்னது, தப்பு என்னுடையது, வீட்டுப் பழக்கத்தைக் கேட்காமல் நாள் குறித்துவிட்டேன் என்று எழுதினாளாம். என் பெயர் எங்கேயும் வரவில்லை.

அப்புறம் ஒரு மாதம் பதிலே இல்லை. அத்தை மகனிடமிருந்து மட்டும் ஒரு கார்டு வந்தது, இந்த வருஷம் கண்டிப்பாக பாஸாகிவிடுவாராம். கார்டை என்னிடம் படித்துக் காட்டியபோது அவள் சிரிக்கவில்லை. நான் குன்றத்தூர் முருகனிடம் பேரம் பேசினேன். செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துத்தான் பேசினேன், வெள்ளிக்கிழமை அவரும் கொடுக்க மாட்டாரோ என்னவோ.

மாசி பிறந்து சில நாளில் வந்தாள். கேட்டைத் திறக்கும்போதே தெரிந்துவிட்டது. மீதிப் பாதி வரப்போகிறது. யூனிவர்சிட்டியில் மூன்று பேர் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்களாம். ஒரு பெரியவர் ரிப்போர்ட்டில் அந்த இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி, "எங்க வீட்டுலயும் தர மாட்டாங்களே, எனக்கே இது தோணியிருக்காதே" என்றாராம். இன்னொருவர், "இதை மறைக்காம எழுதியிருக்கியே, அதனாலதான் மிச்சத்தை நம்புறேன்" என்றாராம்.

"ஆனா இன்னும் ஆறு மாசம் தண்ணி எடுக்கணும்மா, ஒரு வாரம் தவறக்கூடாது. புரொஃபசர் சொல்லி லேப்ல மறுபடி புதன்கிழமையே குடுத்துட்டாங்க. தெருவுல எல்லாரும் குடுப்பாங்க இல்ல?"

"நான் இருக்கறேன், நீ போ" என்று அனுப்பிவிட்டேன்.

அங்கேதான் சிக்கல். விஷயம் யூனிவர்சிட்டி வரை போய்விட்டது என்று கேட்டதிலிருந்து தெருவே நடுங்கிக்கொண்டிருந்தது. போலீஸ் வருமா, வரி போடுவானா என்று ஆளுக்கொரு பயம். "இந்த பேஜாரே வாணாம். எங்கூட்டு பாட்டில எடுத்துக்கினு போயிடு" என்று பக்கத்து வீட்டு அக்கா திருப்பியே கொடுத்துவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். ஐந்து பாட்டில் போனால் அந்தப் பெண்ணின் ஆறு மாதமும் போயிற்று.

சாயங்காலம் எல்லோரும் அக்கா வீட்டுக் கேட்டருகே கூடியபோது நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

"இன்னாடி ஆச்சு? நம்மள மாட்டி வுட்டுட்டாளா?" என்றாள் அக்கா.

"சேச்சே. மெச்சி பணம் குடுத்துட்டாங்க. ஒரே ஒரு ரூல் போட்டுக்கிறாங்க. எந்த வூட்டு பாட்டில் வரலியோ, அந்தக் கிணத்துல ஏதோ கோளாறு கீது, அதான் மறைக்கிறாங்கன்னு எழுதி, யூனிவர்சிட்டி சீல குத்தி புக்கு போடுவாங்களாம். அப்பால அந்த வூட்டுல பொண்ணு எடுக்கவும் எவனும் வரமாட்டான், பொண்ணு குடுக்கவும் வரமாட்டான். நான் எதுக்கு சொல்லணும், உங்க இஷ்டம்" என்றேன். புதன்கிழமை விடிந்தபோது ஒன்பது பாட்டிலும் ரொம்பி என் கூடையில் இருந்தன, அக்காவுடையதுதான் முதலில் வந்தது.