எக்ஸ்ரே பிலிமில் வெட்டிய பெயர்

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனுக்கு எந்த நாட்டில் மூடியைத் திறந்தாலும் ஒரே வாசனைதான். பெல்ஜியத்தில், கெண்ட் நகருக்கு வெளியே லூக்கின் சைக்கிள் கடைக் கதவைத் தள்ளினால் அதுதான் முதலில் எதிரே வரும். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நான் மாமல்லபுரத்தில் கடலுக்கு இறங்கும் சந்தில் நிற்பேன். காலடியில் மணல் சுடும். வாளித் தண்ணீரில் ட்யூபை அமுக்கி, குமிழி எங்கே கிளம்புகிறது என்று தேசிங்கு குனிந்து பார்த்துக்கொண்டிருப்பான். அதற்குள் லூக் நிமிர்ந்து "ஹூடெமோர்ஹன்" என்று காலை வணக்கம் சொல்லிவிடுவார். மணல் போய்விடும். என் கோட்டிலிருந்து மழைத்தண்ணீர் அவர் கடைத் தரையில் சொட்டிக்கொண்டிருக்கும்.

இந்த நாட்டுக்காரர்களின் குளிர்காலப் பைத்தியம் ஒன்றை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில், உழுதுபோட்ட சேற்றுக்குள் வேண்டுமென்றே சைக்கிளை விடுகிறார்கள். சக்கரம் சுற்றாத இடத்தில் குதித்து இறங்கி, வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஓடுகிறார்கள். பிறகு மறுபடி ஏறி மிதிக்கிறார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஊரே நின்று, பீரும் உருளைக்கிழங்கு வறுவலுமாகக் கூச்சல் போடுகிறது. சைக்ளோகிராஸ் என்று வெளியுலகில் பெயர். இவர்கள் மொழியில் வெல்ட்ரெய்டன். முதல்முறை பார்த்தபோது ஏதோ விபத்து என்று நினைத்து உதவிக்கு ஓடினேன். நம்மூரில் ஒருவன் சைக்கிளைத் தோளில் சுமந்து வந்தால், எதிரே வருகிற நாலு பேரில் மூன்று பேர் "இன்னாப்பா, பஞ்சரா?" என்று கேட்பார்கள். நாலாமவன் கடை இருக்கிற திசையைக் காட்டுவான்.

எனக்கு அந்தச் சுமை புதிதில்லை. தொண்ணூறுகளில் தேசிங்கும் நானும் கூட்டாக நடத்தியது வாடகை சைக்கிள் கடை. வெளிநாட்டுப் பயணிகள் காலையில் வண்டியை எடுத்துப்போவார்கள். கடற்கரை மணலில் செயின் இறுகி நின்றதும் அங்கேயே சாய்த்துவிட்டு, நடந்து வந்து சாவியை மட்டும் நீட்டுவார்கள். வெயிலில் மணலுக்குள் போய், வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வருவது என் வேலை. அப்படிப்பட்ட பயணிகளில் ஒருத்திதான் லீன். அவளைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தேன். அவள் பிரிந்துபோய் இரண்டு ஆண்டாகிறது. போகும்போது அவளுடைய அப்பாவின் பழைய சைக்ளோகிராஸ் வண்டி வாசலிலேயே நின்றது. மறந்தாளா, கொடுத்தாளா, நான் கேட்கவில்லை.

வாரம் முழுக்க நான் காய்கறிகளை உறையவைக்கும் தொழிற்சாலையில், பட்டாணி ஓடும் பெல்ட்டுக்கு முன்னால், காதை அடைத்துக்கொண்டு நிற்கிறேன். பச்சை ஆறு ஒன்று கண்முன்னே ஓடிக்கொண்டே இருக்கும். கரையில் பேச்சே கிடையாது. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள், ஞாயிறு காலை கிளப்பில் சேரும் எட்டுப் பேர் மட்டும்; லூக்கும் அதில் ஒருவர். கஜேந்திரன் அவர்கள் வாயில் 'காஜா'. காஜா, கதவைச் சாத்து. காஜா, சேறு பார்த்து. அதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை. ஆனாலும் அதைக் கேட்கத்தான் சனிக்கிழமையே வண்டிக்கு எண்ணெய் போட்டு வைப்பேன். இரண்டாயிரத்து மூன்று பிப்ரவரியில், ஒரு மேட்டில், அந்தப் பழைய வண்டியின் ஃப்ரேமில் விரிசல் விழுந்தது. புது வண்டி வாங்க வேண்டும். வண்டி இல்லாவிட்டால் ஞாயிறு இல்லை. ஞாயிறு இல்லாவிட்டால் என் பெயரும் இல்லை.

லூக் இரண்டு வண்டிகளை இறக்கி வைத்தார். ஒன்றில், பந்தயங்களில் ஜெயிப்பவர்கள் ஓட்டுகிற கம்பெனியின் பெயர், முழங்கை நீளத்துக்கு மஞ்சளில். கிளப்பில் ஆறு பேரிடம் அதுதான். இன்னொன்று கருப்பு. எந்த எழுத்தும் இல்லை, சின்னமும் இல்லை. இரண்டும் ஒரே பட்டறையில் செய்தவை, ஒரே குழாய், ஒரே வெல்டிங், வித்தியாசம் ஸ்டிக்கரிலும் விலையிலும் மட்டும் என்றார். விரலால் கருப்பைத் தட்டி, "நீ இதை எடு, காஜா" என்றார்.

எனக்கு உடம்பு சுட்டது. கிளப்பின் மூத்தவர் வால்டருக்கும் இப்படித்தான் கருப்பைக் காட்டினாயா என்ற கேள்வி வாய்வரை வந்தது. கோபப்படும் அளவுக்கு இன்னும் அந்த மொழி எனக்குள் இறங்கவில்லை. "யோசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். பணத்துக்குத் தயங்குகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, "தவணையிலும் தரலாம்" என்றார், குரலைத் தாழ்த்தி. அந்தத் தாழ்ந்த குரல் இன்னும் சுட்டது. நடந்தே வீடு வந்தேன். வழியெல்லாம் ஒன்றே ஓடியது: வண்டியின் பெயர் வெறும் பெயிண்ட் என்று இந்த மனிதர் எனக்குச் சொல்லித்தருகிறார். எனக்கு!

கடை போட்ட புதிதில் எங்களிடம் பன்னிரண்டு சைக்கிள். எல்லாம் செங்கல்பட்டில் பழைய வண்டி விற்பவரிடம் மொத்தமாக வாங்கியவை. ஒரே ஜாதி, ஒரே எடை. பயணிகள் வந்து பார்ப்பார்கள், உதட்டைப் பிதுக்குவார்கள், பக்கத்துக் கடையில் இருந்த ஒரே ஒரு வெளிநாட்டு வண்டி திரும்பி வரும்வரை காத்திருப்பார்கள். ஒருநாள் தேசிங்கு ஓர் எக்ஸ்ரே பிலிமோடு வந்தான். அவன் அப்பாவின் நெஞ்சை செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் எடுத்தது. அப்பா போய் ஆறு மாதமாகியிருந்தது. அதை மடியில் போட்டு, பெயிண்ட் அடிக்க அச்சு வேண்டும் என்று பிளேடால் எழுத்து வெட்ட ஆரம்பித்தான்.

"உங்க நைனா நெஞ்சுல பிளேடு வெக்கிறியேடா" என்றேன்.

"உசுரோட இருந்தப்ப கடைப்பக்கம் எட்டிப் பாத்தாரா? இப்பனா வந்து ஒத்தாசை பண்ணட்டும்."

பெல்மோரா. ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. எங்கிருந்து வந்தது அந்தப் பெயர் என்றால், ஒரு பயணியின் பெட்டியிலிருந்து பாதி, லாட்ஜ் சோப்பிலிருந்து பாதி. வெட்டி முடித்துத் தூக்கிப் பிடித்தோம். விலா எலும்புகளுக்குக் குறுக்கே, ஏழு எழுத்து வழியாகவும் கடல் தெரிந்தது.

ஆறு வண்டிக்குச் சிவப்படித்து வெள்ளையில் பெயர் போட்டோம். ஒரே வாரத்தில் அந்த ஆறும் முதலில் கிளம்பின. பெயர் போடாத வண்டியை எடுத்துப்போன ஜெர்மன்காரம்மா ஒருத்தி, திரும்பி வந்து, இது கனக்கிறது, வேண்டாம் என்றாள். அதே வண்டிக்கு அன்று சாயங்காலம் பெயிண்ட் அடித்து நிறுத்தினோம். மறுநாள் அவளாகவே அதை இழுத்துக்கொண்டு போனாள். மதியம் சிரித்துக்கொண்டே வந்தாள்: பறக்கிறதாம். முழங்காலின் உள்பக்கம், காயாத பெயிண்டில், பெல்மோரா தலைகீழ் வரிசையில் பதிந்திருந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை. எந்த நாட்டுத் தயாரிப்பு என்று கேட்டாள். "இத்தாலி" என்றான் தேசிங்கு, கண் இமைக்காமல். அதன்பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் இத்தாலிதான்.

இதைவிட வெட்கமான விஷயம் வேறு. செங்கல்பட்டுக்கு உதிரி சாமான் வாங்கப் போகும்போது, என் கை தானாகவே சிவப்பு வண்டியைத் தேடியது. "டேய், அது நீ அட்ச்ச பேருடா. கையில இன்னும் பெயிண்ட் கீது, பாரு" என்று தேசிங்கு கத்துவான். "லேசா ஓடுதுடா" என்பேன். திருக்கழுக்குன்றம் தாண்டி எதிர்காற்றில் மிதிக்கும்போது அது நிஜமாகவே லேசாகத்தான் ஓடியது. பொய்யைச் செய்த கைக்கும் அந்தப் பொய்யை நம்பிய காலுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

லீன் வந்த அன்று, வரிசையில் பளபளத்த அத்தனை சிவப்பையும் விட்டுவிட்டு, மூலையில் துருப்பிடித்து நின்ற ஒன்றை எடுத்தாள். தேசிங்கு என் காதில் சொன்னான்: "மச்சான், உஷாரா இரு. இவ துருப்புடிச்சதா பாத்துத்தான் எடுக்குறா. அட்த்தது உன்னியத்தான் இட்டுகினு போவப்போறா." அவன் சொன்னது பலித்தது. துரு அரிப்பதை நிறுத்தாது என்பதை அவளிடம் சொல்ல இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

மார்ச்சில் ஊருக்குப் போனேன். கடை வாசலில் மொபெட்டுகள் வரிசையாக நின்றன. சைக்கிள் இரண்டே இரண்டு, உத்திரத்தில் தொங்கின. கேளம்பாக்கம் பக்கம் புதிதாக எழும்பும் ஃபிளாட்டுகளிலிருந்து வருகிறவன்கூட மோட்டார் வண்டிதான் கேட்கிறான் என்றான் தேசிங்கு. லூக் கடையில் எடுத்த இரண்டு போட்டோக்களையும் அவனிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான்.

"ரெண்டும் ஒண்ணுன்னு அந்தாளே சொல்றான். அப்பறம் இன்னாத்துக்கு பேஜாரு?"

"தெரியும்டா. ஆனா மஞ்சளைத்தான் மனசு கேக்குது."

"பேர் போட்டதை வாங்கினா அந்த கிளப்புக்காரனுங்க உன்னாண்ட பேசுவானுங்களா?"

அவன் போட்டோவைத் திருப்பிக் கொடுத்தான். கிண்டல் செய்வான் என்று காத்திருந்தேன். செய்யவில்லை.

"பேசுவானுங்கன்னா வாங்கு மச்சான். டப்பு போனா போவுது."

"அந்த ஜெர்மன்காரம்மாவை நாம ஏமாத்திட்டோமா, தேசிங்கு?"

"எங்க ஏமாத்துனோம்? பறக்குதுன்னு அவதானே சொன்னா."

புறப்படும் நாளில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். பேப்பரில் சுருட்டிய ஒன்றை என் பைக்குள் சொருகினான். பிரிக்காமலே தெரிந்தது. "டேய், உங்க நைனாடா" என்றேன். "இங்க மொபெட்டுக்கு இதால இன்னா வேலை? நைனா ரயிலே ஏறுனதில்ல, ஃபாரின் பாக்கட்டும்" என்றான்.

நான் மஞ்சளைத்தான் வாங்கினேன். மறைக்க ஒன்றுமில்லை. லூக் தோளைக் குலுக்கிவிட்டு பில் எழுதினார். அக்டோபரில், பருவத்தின் முதல் ஞாயிறு, வந்திருந்த ஏழு பேருக்கும் முன்னால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். வால்டர் பார்த்தார். "மோய்" என்றார். அழகு என்று அர்த்தம். பிறகு எல்லோரும் ஹெல்மெட்டை மாட்டினார்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கோடை முழுக்கக் காத்திருந்தேன் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் லூக் வந்து சேர்ந்தார். அவர் கால்களுக்கு நடுவே கருப்பு வண்டி, எழுத்தில்லாதது. அவர் எனக்குக் காட்டியது, தனக்கென்று எடுத்துவைத்திருந்ததை. அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வண்டியைக் கழுவி, சமையலறையில் தலைகீழாக நிறுத்தினேன். பிலிமை ஜன்னலில் பிடித்தேன். அதே விலா எலும்புகள். ஏழு எழுத்து வழியாகவும் இப்போது சாம்பல் நிற வானம். மேல்குழாயின் அடிப்பக்கத்தில், தூக்கும்போது தோளில் உட்காரும் இடத்தில் வைத்து, வெள்ளைப் பெயிண்டைப் பீய்ச்சினேன். வெளியே நிற்கிறவனுக்கு மஞ்சள் தெரியும். பெல்மோரா தோளுக்கு மட்டும்.

அப்படித்தான் நினைத்திருந்தேன். அடுத்த ஞாயிறு, மணல் மேடு ஒன்றில் வண்டியைத் தோளுக்கு ஏற்றியபோது, வால்டர் எனக்குப் பக்கத்தில் ஒரு படி கீழே ஓடி வந்துகொண்டிருந்தார். உச்சியில் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். அவர் விரலை நீட்டினார். "பெல்மோரா? கேள்விப்பட்டதே இல்லையே. எந்த நாடு, காஜா?"

இரண்டு ஆண்டுகளில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. பின்னால் வந்தவர்களும் நின்று என் வாயைப் பார்த்தார்கள். எனக்கோ காதில் மார்ச் மாதத்து பஸ் இரைந்தது. மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார், வண்டி நகர்ந்துவிட்டது, டீசல் புகைக்குள் ஒற்றைச் செருப்போடு ஜன்னலை ஒட்டி ஓடி வருகிறான் தேசிங்கு, தகரத்தைப் படபடவென்று தட்டிக்கொண்டு:

"மச்சான், எவனா எந்த ஊருன்னு கேட்டான்னு வெய்யி, இத்தாலின்னே சொல்லு!"