பரிமளா அக்கா மாஸ்க்கை இறக்கியது பேசத்தான்

பரிமளா அக்கா இன்று காலை இறந்துவிட்டார்.

எங்கள் ஃபிளாட்டில் மூன்றாம் மாடி, லிஃப்டுக்கு எதிர் வீடு. வயது நாற்பத்து மூன்றுதான்.

நான் பள்ளி விட்டு வந்தபோது அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு... என் அம்மாவுடையது.

அக்கா சுங்கை பாக்காப் பக்கம் ஓர் ஆலையில் பதினோரு வருடம் வேலை செய்தார். கல்லை மாவு போல அரைத்து மூட்டை பிடிக்கிற இடம். டைல்ஸ், பெயிண்ட் செய்கிறவர்கள் அந்த மாவை வாங்குவார்களாம். விடிந்ததும் கடல் தாண்ட ஃபெரி, அக்கரையில் பட்டர்வொர்த் ஜெட்டியிலிருந்து கம்பெனி வேன்.

அவரைப் பார்த்த முதல் நாள் தெரியாமல் ஆண்டி என்று கூப்பிட்டுவிட்டேன்.

“யாரு ஆண்டி? இன்னொரு வாட்டி சொன்னே, உன் புக்கெல்லாம் மாடிலேருந்து கீழ வீசிருவேன் லா!”

அன்றிலிருந்து அக்காதான்.

அரைக்கிற மெஷின் ஓடும்போது காதுக்குப் பக்கத்தில் கத்தினாலும் கேட்காதாம். அதனால் அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். அக்கா, ரோஸ் என்கிற மலாய்க்கார அக்கா, நேப்பாளத்து அண்ணன்கள் இரண்டு பேர்... எல்லாம் மலாயில், சத்தமே இல்லாமல்.

சூப்பர்வைசர் எதிரில் நிற்கும்போதே அவருடைய தொப்பையைப் பற்றிப் பேசுவார்களாம். ஒரு நாள் அவரும் உதட்டை மட்டும் அசைத்து, “நாளையிலிருந்து சோறு குறைத்துக்கொள்கிறேன்” என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனாராம். இதை எனக்குச் சொல்லும்போது அக்காவுக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது.

ஆனால் உதடு தெரிய வேண்டுமென்றால் மாஸ்க் இருக்க முடியாது.

பேசும்போது தாடைக்கு இறக்குவார்கள். பேசி முடித்ததும் மேலே ஏற்றுவார்கள். “பன்னெண்டு மணி நேரம் யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேசாம மூட்டை பிடிச்சுக்கிட்டே இருக்க முடியுமாடி உன்னால?” என்று ஒரு முறை கேட்டார்.

போன வருடம் இருமல் வந்தது. பிறகு மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகு வேலைக்கே போக முடியவில்லை. நுரையீரலில் கல் தூசி படிந்துவிட்டது என்றார் டாக்டர். சளியை மூன்று தடவை சோதித்தார்கள். காசநோய் இல்லை.

ஃபிளாட்டில் செய்தி மட்டும் ‘காசநோய்’ என்றே பரவியது.

அக்கா லிஃப்டில் இருந்தால், “நீங்க போங்க, நாங்க அப்புறம் வர்றோம்” என்பார்கள். தீபாவளிக்கு அவர் கொடுத்தனுப்பிய முறுக்கை மாடிப்படியோரக் குப்பைத் தொட்டியில் பார்த்தேன். பையின் முடிச்சுகூட அவிழ்க்கப்படவில்லை. எங்கள் வீட்டிலும் முதல் இரண்டு வாரம் அவருக்கென்று தனி டம்ளர் வைத்திருந்தோம். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும்.

“இது வேலையால வந்ததுன்னு கம்பெனி ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும். லிஃப்டுக்குள்ள ஒட்டிருவேன். எல்லாரும் படிக்கட்டும்.” அக்காவுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான்.

கம்பெனி, மலாயில் நிரப்பித் தரச் சொல்லி ஒரு பாரம் அனுப்பியது. என் மலாய் நன்றாக இருக்கும் என்று என்னைக் கூப்பிட்டார்.

“மாஸ்க் எப்பவும் போட்டிருந்தீங்களான்னு கேட்டிருக்காங்க அக்கா.”

“பேசறப்ப எறக்குவோம். அப்படியே போடு.”

“போடலாமா அக்கா?”

“பொய் எழுதவா உன்னக் கூப்பிட்டேன்? போடு லா.”

போட்டேன். ‘சில நேரம் இறக்கிவிடுவேன்’ என்று ஒரே வரி. ஏன் என்று அந்தப் பாரம் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. சத்தத்தைப் பற்றி எழுதவில்லை. ரோஸ் அக்காவைப் பற்றி எழுதவில்லை. வாக்கியத்தில் பிழை இருக்கிறதா என்று மட்டும் இரண்டு முறை பார்த்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. பாதுகாப்புக் கவசத்தை ஊழியரே முறையாக அணியவில்லை, ஆகவே வேலையால் வந்த நோய் என்று உறுதிசெய்ய இயலாது...

நான்தான் வாசித்துக் காட்டினேன். அக்கா கடிதத்தை வாங்கி நான்காக மடித்தார். “பரவால்லடி. நீ உள்ளததான எழுதுன.” அதற்குப் பிறகு அவர் என்னை ஒரு சொல்கூடச் சொன்னதில்லை. திட்டியிருக்கலாம்.

அப்புறம் உட்கார்ந்து கம்பெனிக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். மெஷின் சத்தம், உதட்டுப் பேச்சு, ஏன் மாஸ்க்கை இறக்கினார்கள், எல்லாமே. ரோஸ் அக்காவும் அந்த அண்ணன்கள் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார். லெட்டர் வந்துச்சா?

இன்னும் இல்லக்கா என்று நானும் சத்தமில்லாமல் சொன்னேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டார்.

இன்றைக்கும் வரவில்லை. தபால் பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் மாடி ஏறினேன்.

இறுதிச் சடங்கு நாளை காலை பத்து மணிக்கு, எங்கள் ஃபிளாட் கீழ்த்தளத்தில். ஜொகூரிலிருந்து அக்காவின் தம்பி வந்துகொண்டிருக்கிறார். ரோஸ் அக்காவும் நேப்பாளத்து அண்ணன்களும் அரைநாள் லீவு போட்டுவிட்டு வருகிறார்கள்.

சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டுமாம். அந்த அண்ணன்கள் இருவர், தம்பி, என் அப்பா... நான்கு பேர் ஆகிறது.

எங்கள் ஃபிளாட்காரர்கள் நிறைய பேர் என் நண்பர்கள் பட்டியலில் இருக்கிறீர்கள், இந்தப் பதிவைப் படிப்பீர்கள். இது கல் தூசி. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. பக்கத்தில் வரலாம், தொடலாம்.

இன்னும் இரண்டு பேர் வேண்டும்.

பரிமளா அக்கா... மெதுவா போங்க.