ஏழு மணி ஜெபமாலை

எங்கள் கெலுகோர் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெபமாலை. மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஜெபத்தின் முதல் பாதியை என் கணவர் சொல்வார், மறுபாதி என்னுடையது. முடிந்ததும், இறந்துபோன அவருடைய அப்பா, அம்மா, அண்ணனுக்காக ஒரு மன்றாட்டு. கடைசியில் எனக்காக ஒன்று, உடம்பு சுகத்தோடு இருக்க வேண்டும் என்று. கல்யாணமான நாளிலிருந்து இதுதான், பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்த அதே வாத்தியார் குரலில்.

முதலில் மணி எண்ணிக்கை தவறியது. பத்து சொல்ல வேண்டிய இடத்தில் பதினாலு வந்தது. "மாதாவுக்கே கால் வலிக்கும், விடுங்க" என்று கிண்டல் செய்தேன். அந்த வாயை இப்போது நினைத்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு ஒரு நாள் மீன் வாங்கப் பாசாருக்குக் காரில் போனவர், கையில் மீனோடு நடந்தே வந்தார். கார் எங்கே என்று கேட்டேன். "நம்மகிட்ட ஏதும்மா காரு?" என்றார். டாக்டர், அல்சைமர் என்ற மறதி நோய் என்றார். "மருந்து கொஞ்சம் மெதுவாக்கும்லா அக்கா, நிறுத்தாது."

அடுத்த வருஷம் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. அதற்கடுத்து, சொந்த வீட்டில் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மகன் வீடியோவில் பேசினால், "யாரு இந்த ஆளு, நல்லா பேசுறாரே" என்பார். ஒரே கேள்வியை எட்டாவது தடவை கேட்கும்போது நான் கத்திவிடுவேன். அப்புறம் அடுப்படியில் போய் அழுவேன். ஜெபத்தில் முதல் பாதி என் தலையில் விழுந்தது, மறுபாதியை மட்டும் அவர் சொன்னார். ஆனால் மன்றாட்டை விடவில்லை. அதன் கடைசியில் நான் இருக்கும்வரை என்னை மறக்கவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். என் உயிரெல்லாம் அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

போன மாதம் ஒரு சாயங்காலம், அப்பா, அம்மா, அண்ணன் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அதே மூச்சில், "என் மனைவியோட ஆத்துமாவும் சாந்தி அடையணும்" என்றார்.

"நான் இங்கதானேங்க இருக்கேன்!" கையைப் பிடித்து உலுக்கினேன். அவர் கோபப்படவில்லை. என் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

"அழாதீங்க அக்கா. உங்களுக்கு அவளைத் தெரியுமா? ரொம்ப நல்லவ, கொஞ்சம் கோவக்காரி. அவளுக்காக நீங்க ஒண்ணு சொல்லுங்களேன்."

வாதாடத் தெம்பில்லை. செத்துப்போன எனக்காக நானே முதல் பாதியை ஆரம்பித்தேன். அவர் ஒரு வார்த்தை பிசகாமல் மறுபாதியைச் சொன்னார்.